கோடை வெயிலில் குளக்கரையிலிருந்து கிராப்பி பிடிக்க

வசந்த காலத்தில் கிராப்பி என்னும் வட அமெரிக்க நன்னீர் மீனைப் பிடிப்பதற்குப் பெரிய திறமை தேவையில்லை. குளத்து நீரின் வெப்பம் 60 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியதும் அவை முட்டையிடுவதற்காகக் கரையோரத்துக்கே வந்துவிடும். டெக்சஸ், லூசியானா போன்ற அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஜூன் பிறந்துவிட்டால் நிலைமை வேறு. மேல்நீர் 85 டிகிரியைத் தொடும்போது அவை கரையை விட்டு விலகி, நிழலும் ஆழமும் உள்ள இடங்களைத் தேடிப் போய்விடுகின்றன. கோடையில் படகு இல்லாமல் கிராப்பி கிடைக்காது என்று பலரும் சொல்வது இதனால்தான். பெரிய ஏரிக்கு அது ஓரளவு பொருந்தலாம். இரண்டு மூன்று ஏக்கர் குளத்திலோ மீன் ஒதுங்குவதற்கான இடங்களே சில என்பதால், கரையில் நிற்பவரின் தூண்டிலும் அவற்றை எட்டும்.

அங்குள்ள பண்ணைக் குளங்களும் பூங்காக் குளங்களும் பெரும்பாலும் ஓடையை மறித்து மண்கரை எழுப்பி உண்டாக்கப்பட்டவை. ஆகவே அந்த மண்கரையை ஒட்டிய பகுதியிலும், உபரி நீர் வடியும் செங்குத்துக் குழாயைச் சுற்றியும்தான் ஆழம் அதிகம். அங்கிருந்து தொடங்குவது நல்லது. அடுத்தபடியாக, நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் நிழல் விழும் பக்கம், காற்றூட்டும் நீரூற்று ஆகியவற்றைப் பார்க்கலாம். ஓரிடத்தில் ஒரு மீன் கிடைத்தால் அவசரப்பட்டு நகர வேண்டாம். கிராப்பி கூட்டமாக இருக்கும் இனம்.

இடத்தை விட ஆழமே முக்கியம் என்பது என் கருத்து. வெயிலில் சூடேறிய நீர் இலேசாகி மேலேயே தங்கிவிட, குளிர்ந்த நீர் அடியில் தேங்குகிறது. இரண்டும் கலக்காததால், இலை தழைகள் மக்கி மக்கி அடிநீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஆகவே குளிர்ச்சியைத் தேடி மீன் அடிமட்டத்துக்கே போய்விடும் என்று எண்ணி இரையைத் தரையில் கிடத்தினால் பயனில்லை. ஆக்சிஜன் உள்ள நீரில் எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு கீழேதான் கிராப்பி நிற்கும். இரையாக நல்ல உயிர்ப்போடு இறக்கிய மின்னோ என்னும் சிறுமீன் சற்று நேரத்தில் துவண்டு மேலே வந்தால், இரை அளவுக்கு மீறி ஆழமாகப் போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இந்த ஆழத்தைக் கரையிலிருந்து தேடுவதற்கு முடிச்சு தடுக்கும் வரை நரம்பில் வழுக்கிச் செல்லும் நகரும் தக்கையைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. ஆறு பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பில் முதலில் நூல் முடிச்சையும், அடுத்து ஒரு சிறு மணியையும், அதன் பின் மெல்லிய தக்கையையும் கோத்து, முனையில் 4 அல்லது 6 எண் கொண்ட மெல்லிய கம்பித் தூண்டில் முள்ளைக் கட்டி, அதற்கு ஒரு சாண் மேலே ஈயக்குண்டைக் கடித்துப் பொருத்த வேண்டும். மூன்றடியில் தொடங்கி முடிச்சை ஒவ்வோர் அடியாக மேலே தள்ளி வீசிப் பார்த்தால், ஈயம் தரையைத் தொடும் ஆழம் வந்ததும் தக்கை நிமிராமல் சாய்ந்து கிடக்கும். தரை தெரிந்த பின், முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மீன் தொடும் மட்டம் வரை இரையை உயர்த்திக்கொண்டே வரவும். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை எடுப்பது. தலைக்கு மேலே உள்ளதை எழும்பி வந்து பிடிக்கும், கீழே கிடப்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

மின்னோவை முதுகுத் துடுப்புக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பில் படாமல் குத்தினால் நெடுநேரம் நீந்தும். மின்னோ வாளியில் குழாய்த் தண்ணீர்ப் பனிக்கட்டியை நேரடியாகப் போட்டால் அதிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியை மிதக்க விடுவதே சரி. மின்னோ கிடைக்காவிட்டால் ஈயத்தலை கொண்ட செயற்கை இரையான 1/32 அவுன்ஸ் ஜிக்கை அதே தக்கைக்குக் கீழே தொங்கவிடலாம். தூண்டில் முள் நீருக்குள் கிடக்கும் கிளையில் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக இழுக்கவும். மெல்லிய கம்பி நிமிர்ந்து வெளியே வந்துவிடும், கையாலேயே வளைத்துக்கொள்ளலாம்.

அதிகாலையைப் புகழ்வோர் பலர். பாசியும் நீர்ச்செடியும் மண்டிய குளத்துக்கு நான் மாலையையே பரிந்துரைப்பேன். செடிகள் பகலெல்லாம் ஆக்சிஜனை வெளியிட்டு இரவில் அதையே உட்கொள்வதால், விடியும் வேளையில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து, இருட்டிய பின் ஓரிரு மணி நேரம் வரை நிற்பது பலன் தரும். அந்நேரத்தில் கரைப்புல்லில் காட்டன்மவுத் என்னும் நச்சுப்பாம்பு கிடக்கக்கூடும் என்பதால் கைவிளக்கும் உயரக் காலணியும் அவசியம்.

தக்கை படபடவென்று துள்ளினால் அது பெரும்பாலும் புளூகில் என்னும் சிறு மீன் கொத்துவது. கிராப்பி இரையைக் கவ்வியபடி மேலெழும்போது ஈயத்தின் பாரம் நீங்கி, நின்றிருந்த தக்கை ஓசையின்றிப் படுத்துவிடும். அது மூழ்கட்டும் என்று காத்திருந்தால் மீன் இரையைத் துப்பிவிடும். உடனே கோலை மெல்ல உயர்த்தினால் போதும். வாயோரச் சவ்வு காகிதம் போல மெல்லியது என்பதால் வெடுக்கென்று இழுத்தால் கிழியும். கரைக்குத் தூக்கும்போதும் கைவலை வேண்டும்.

டெக்சஸின் பொதுநீர்நிலைகளில் 17 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் தேவை. கிராப்பிக்குப் பொதுவான வரம்பு குறைந்தது 10 அங்குல நீளம், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மீன். சில ஏரிகளுக்குத் தனி விதிகள் உண்டு. மிஞ்சிய மின்னோக்களைக் குளத்தில் கொட்டக் கூடாது. பிடித்த மீனைச் சூடான நீரில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் சதை குழைந்துவிடும் என்பதால், பனிக்கட்டிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய், முள்ளிலிருந்து கழற்றியதும் அதில் போட்டுவிடவும்.