புது நண்பரோடு ஐஸ் மேல் பெர்ச் மீன் பிடிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் பெங்களூர் ஆபீஸிலிருந்து நாலைந்து பேர் ஆன்சைட் வேலையாக அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் மினியாபொலிஸுக்குக் கிளம்புவார்கள். கிளம்பும் முன் என் மேஜைப் பக்கம் வந்து நிற்பார்கள். "அண்ணா, அங்கே ஏரி உறைஞ்சதும் மேலே உட்கார்ந்து மீன் பிடிப்பாங்களாமே, நீங்க போயிருக்கீங்களாமே?"

போயிருக்கிறேன். இரண்டு குளிர்காலம் மின்னசோட்டாவில் இருந்தேன். சின்ன வயதில் இங்கே ஏரிக்கரையில் மைதா உருண்டை வைத்து ஜிலேபிக் கெண்டை பிடித்துப் பழகிய எனக்கு, ஐஸில் துளை போட்டு பெர்ச் பிடிப்பது அவ்வளவு பிடித்துப்போனது. அதனால் யார் கேட்டாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் தனியாகப் போகக்கூடாது. எனவே எல்லோரும் ஒரு துணையைத் தேடிக்கொள்கிறார்கள். அந்தத் துணை பெரும்பாலும் இரண்டு வாரப் பழக்கம்தான். தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

"பரவாயில்லை" என்ற பதிலை நம்புவது

என் முதல் குளிர்காலத்தில் கூட வந்தவர் வேறு டீமைச் சேர்ந்த ஓசூர்க்காரர். என்னைவிட ஆறு வயது சின்னவர். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் காபி குடித்தபடியே திட்டம் போட்டோம். குளிர் தாங்குவீர்களா என்றேன். "பரவாயில்லைண்ணா." ஷூ இருக்கிறதா? "இருக்குண்ணா, பரவாயில்லை." நானும் அதற்கு மேல் தோண்டவில்லை. புதுப் பழக்கம், ரொம்பக் கேட்டால் சங்கடப்படுவாரோ என்று விட்டுவிட்டேன்.

ஐஸ் மேல் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அதுவரை கால்களைத் தட்டித் தட்டி உதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று உதைப்பதை நிறுத்திவிட்டார். கால் எப்படி இருக்கிறது என்றேன். "பரவாயில்லைண்ணா, இப்போ வலிக்கல." எனக்கு வயிற்றைக் கலக்கியது. காருக்குக் கூட்டிப்போய் ஷூவைக் கழற்றிப் பார்த்தால், இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு தடித்த சாக்ஸ். விரல்நுனிகள் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. தேய்க்கக்கூடாது, ஹீட்டர் வாயில் காட்டக்கூடாது என்று மட்டும் எனக்குத் தெரியும். என் கோட்டைத் திறந்து அவர் பாதங்களை என் வயிற்றோடு வைத்து மூடிக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்து வலி தாங்காமல் அவர் கத்தினார். ரத்தம் திரும்புகிறது என்று அர்த்தம். நல்லவேளையாக அதோடு போயிற்று.

குளிரில் வலி நிற்பது நல்ல செய்தி அல்ல; உணர்வு போகிறது என்பதற்கான எச்சரிக்கை. மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோல் அரைமணி நேரத்தில் உறைந்து புண்ணாகிவிடும். மின்னசோட்டா ஜனவரியில் இது சாதாரண நாள்.

அதனால் புது நண்பரிடம் "பரவாயில்லை" என்று பதில் சொல்ல முடியாத கேள்விகளாகக் கேளுங்கள். கட்டைவிரலை அசைக்க முடிகிறதா? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? ஆஸ்துமா, சர்க்கரை ஏதாவது உண்டா, மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது? நீச்சல் தெரியுமா? இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு என்று தோன்றினால், உங்களைப் பற்றிய விவரத்தை முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் அவரும் சொல்வார். இன்னொன்றும் ஊரிலேயே பேசி முடித்துவிட வேண்டும்: இருவரில் யார் "போதும், திரும்பலாம்" என்றாலும் மற்றவர் காரணம் கேட்காமல் எழுந்துவிட வேண்டும். வயதில் சின்னவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். பெரியவர்தான் சொல்லிவைக்க வேண்டும்.

முடிந்தால் கிளம்பும் முன் பெங்களூரைச் சுற்றியிருக்கும் கட்டணக் குளம் ஒன்றில் இருவரும் அரைநாள் தூண்டில் போட்டுப் பாருங்கள். ஊருக்குள் இருக்கும் ஏரிகள் வேண்டாம். மீன் உரிமை பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும். மூன்று மணி நேரம் ஒன்றும் கடிக்காதபோது அவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அந்த அரைநாள் போதும்.

ஐஸை அளக்காமல் நடப்பது

"போன வாரம் ஆட்கள் நடந்தாங்களே" என்பதை வைத்து ஏரியில் இறங்குகிறவர்கள் உண்டு. ஒரே ஏரியில் ஓரிடத்தில் ஒரு அடி கனம், நூறு அடி தள்ளி இரண்டு அங்குலம் என்று இருக்கும். ஊற்றுள்ள இடம், ஓடை கலக்கும் வாய், பாலத்தின் அடி, இரு கரைகள் நெருங்கும் குறுகல் எல்லாம் மெலிந்தே இருக்கும். மேலே பனி மூடியிருந்தால் இன்னும் ஏமாற்றும். பனி கம்பளி மாதிரி குளிரைத் தடுப்பதால் அடியிலுள்ள ஐஸ் மெதுவாகத்தான் கனக்கும்.

அந்த மாநிலத்தின் இயற்கை வளத்துறை சொல்லும் கணக்கு இது: நடந்து போகக் குறைந்தது 4 அங்குலம், அதுவும் கண்ணாடி மாதிரி தெளிவான புது ஐஸ். வெள்ளையாக, பால் கலந்தது போல இருந்தால் பலம் பாதிதான். அதற்கு இரு மடங்கு கனம் வேண்டும். கையில் ஐஸ் கடப்பாரை வைத்துக்கொண்டு முன்னால் குத்திக் குத்திப் போக வேண்டும், 150 அடிக்கு ஒருமுறை துளையிட்டு அளக்க வேண்டும். இருவரும் ஒட்டி நடக்கக்கூடாது. ஒருவர் விழுந்தால் இன்னொருவர் உறுதியான ஐஸில் இருப்பதுபோல இடைவெளி விடுங்கள். கயிறு பின்னால் வருபவரிடம் இருக்கட்டும். பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் நடப்பது நம் பழக்கம். அதைக் காரிலேயே விட்டுவிட வேண்டும்.

கனம் இருந்தாலும் காற்றைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் அப்பர் ரெட் ஏரியில் ஐஸ் கரையை விட்டுப் பிரிந்து, அதன் மேலிருந்த 100க்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய குளிர்காலமும் அதே ஏரியில் அப்படி நடந்தது. எனவே டிசம்பரில் அவசரப்படாதீர்கள். ஜனவரி நடுவில், ஐஸைத் தினமும் சோதிக்கும் ரிசார்ட் ஒன்றின் வழியாக இறங்குங்கள். மினியாபொலிஸிலிருந்து வடக்கே சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கும் மில் லாக்ஸ் ஏரியில் அப்படிப்பட்ட ரிசார்ட்டுகள் நிறைய. கிளம்பும் காலையில் ஒரு போன் போட்டுக் கேட்டால் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் தடவை போகிறவர்களை ஐஸின் சத்தம் பயமுறுத்தும். காலடியில் இடி உருளுவது போல ஒரு முழக்கம் கேட்கும். பிறகு சாட்டை வீசியது போல ஒரு கோடு ஓடும். குளிரில் ஐஸ் விரிந்து சுருங்கும் சத்தம் அது, சத்தத்தை மட்டும் வைத்து ஆபத்து என்று முடிவு செய்ய வேண்டாம். இதை நண்பரிடம் முன்பே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் பயந்து ஓடுவார், வழுக்கி விழுவார்.

விழுந்தால் என்ன செய்வது என்று பேசாமல் விடுவது

அபசகுனமாகப் பேசுகிறோமோ என்று எல்லோரும் இதைத் தாண்டிப் போகிறார்கள். தயவுசெய்து பேசுங்கள். குளிர்நீரில் மனித உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய்ந்த கனடாப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு எளிய கணக்கு தருகிறார்: 1, 10, 1. முதல் 1 நிமிடத்தில் மூச்சுத் திணறும்; அப்போது தலையை மேலே வைத்து மூச்சை நிதானப்படுத்துவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால்கள் சொன்னபடி கேட்கும், வெளியேறுவது அதற்குள். மயக்கம் வர ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். விழுந்த நொடியே செத்துவிடுவோம் என்று நினைத்துக் கைவிட வேண்டியதில்லை.

வந்த திசையைப் பார்த்துத் திரும்புங்கள், உங்களைத் தாங்கிய ஐஸ் அங்கேதான் இருக்கிறது. கழுத்தில் மாலை மாதிரி தொங்கும், கைப்பிடி வைத்த ஐஸ் ஆணிகளை ஒவ்வொரு கையிலும் பிடித்துக் குத்தி, கால்களை நீந்துவது போல உதைத்து, வயிற்றால் மேலே ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே வாருங்கள். காப்பாற்றுகிறவர் துளை அருகே ஓடக்கூடாது. படுத்துக்கொண்டு கயிற்றை வீச வேண்டும். அந்த ஆணிகளின் விலை மிகக் குறைவு. ஒரு ஜோடி வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளும் பொருள் இல்லை அது. ஆளுக்கு ஒரு ஜோடி, கோட்டுக்கு வெளியே.

உடை, கூடாரம், குடி

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய பருத்தி பனியன், ஜீன்ஸ் எல்லாம் வியர்வையில் நனைந்தால் காயாது. துளை போடும்போது கண்டிப்பாக வியர்க்கும். உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ போட்டு, துளை போடும் நேரம் மேல்கோட்டைக் கழற்றிவிடுங்கள். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக, விரல் ஆடும்படி இருக்கட்டும்.

சின்னக் கூடாரத்துக்குள் கேஸ் ஹீட்டர் வைத்து நான்கு பக்கமும் ஜிப்பை மூடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மேலேயும் கீழேயும் காற்றுவழி விடுங்கள், பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் தொங்கவிடுங்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் யோசிக்காமல் வெளியே வாருங்கள்.

"குளிருக்கு இதமா ஒரு பெக்" என்று நண்பர் நீட்டினால் நட்புக்காக வாங்கிக்கொள்ள வேண்டாம். மது தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி உடம்பின் சூட்டை வெளியேற்றும். சூடாக இருப்பது போல் தோன்றுவது அதனால்தான். பிளாஸ்கில் ரசம் கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோனோம், பக்கத்துத் துளைக்காரர் அவர் கோப்பையை நீட்டி இரண்டாம் தடவையும் கேட்டார்.

பெர்ச்சின் குணம் தெரியாமல் உட்கார்ந்தே இருப்பது

மஞ்சள் பெர்ச் கண்ணால் பார்த்து இரை எடுக்கும் மீன், கூட்டமாகத் திரியும். பகல் வெளிச்சத்தில்தான் கடிக்கும், இருட்டினால் ஓய்ந்துவிடும். அங்கே பலர் அந்தி நேரத்துக்காகக் காத்திருப்பது வால்ஐ என்ற வேறு மீனுக்காக. அவர்களைப் பார்த்து நீங்களும் ராத்திரி உட்காரத் திட்டம் போடாதீர்கள். மினியாபொலிஸ் பக்கம் ஜனவரியில் எட்டு மணிக்கு விடிந்து ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அந்த ஒன்பது மணி நேரம்தான் உங்கள் நாள்.

நம் ஊர்க் குளத்தில் ஒரே இடத்தில் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் பொறுமை இங்கே உதவாது. வந்ததும் எட்டுப் பத்துத் துளைகளை வரிசையாகப் போட்டுவிடுங்கள். ஆறு அங்குல அகலம் பெர்ச்சுக்குத் தாராளம். ஒரு துளையில் பதினைந்து நிமிடம் கடி இல்லையென்றால் அடுத்ததற்கு நகருங்கள். உறைந்த ஏரியில் அடி நீர்தான் 4 டிகிரியை ஒட்டி இருக்கும், மேலே போகப் போகக் குளிர் கூடும். பெர்ச்சும் பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் மேயும். சின்ன ஜிக்கில் (தலையில் குண்டு வைத்த தூண்டில் முள்) ஒரு புழுவைக் கோத்து, மெல்லிய தங்கூசியில் தரை வரை இறக்கி, இரண்டு தட்டுத் தட்டிச் சேற்றைக் கிளப்புங்கள். பிறகு ஒரு அடி தூக்கி அசையாமல் வையுங்கள். சேறு கிளம்பிய இடத்துக்குப் பெர்ச் பார்க்க வரும். கம்பின் நுனி ஒரு மயிரிழை வளைந்தால் அதுதான் கடி. பெரிய இழுப்புக்காகக் காத்திருந்தால் புழு மட்டும் போய்விடும்.

எடுக்கும்போது முதுகுத் துடுப்பைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவிப் படியவைத்துப் பிடியுங்கள். முள் கூர்மை. மரத்துப்போன கைக்குக் குத்தியதே தெரியாது.

30 அடிக்கு மேல் ஆழத்திலிருந்து இழுத்த பெர்ச்சுக்குக் காற்றுப்பை வீங்கி, சில சமயம் வயிறே வாய் வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். அதைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். "சின்னது, விட்டுடலாம், பெருசு வரட்டும்" என்று ஆழத்தில் பொறுக்கிக்கொண்டிருப்பது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். ஆழத்தில் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். போதுமானது கிடைத்ததும் நிறுத்துங்கள், அல்லது ஆழம் குறைந்த இடத்துக்கு நகருங்கள்.

லைசென்ஸ், பணம், மீன்

மின்னசோட்டாவில் 60 நாள் குடியிருக்காதவர் வெளிமாநிலத்தவர் கணக்கு. அவர்களுக்கு 24 மணி நேரம், 72 மணி நேரம், 7 நாள் என்று குறுகிய லைசென்ஸ்கள் உண்டு. ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். "நான் சும்மா கூட உட்காருறேன்" என்று சொல்லும் நண்பர் கையில் அரைமணி நேரத்தில் கம்பு வந்துவிடும். ஐஸில் ஒருவருக்கு இரண்டு தூண்டில் வரை அனுமதி. மஞ்சள் பெர்ச்சுக்கு மாநிலப் பொது வரம்பு ஒரு நாளைக்கு 20. சில ஏரிகளுக்குத் தனி விதி இருப்பதால் போகும் ஏரியின் விதியை அந்த வருடப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய உயிர் இரையையோ அது இருந்த தண்ணீரையோ ஏரியில் கொட்டக்கூடாது. இரையைக் குப்பையில்தான் போட வேண்டும்.

பெட்ரோல், வாடகை, சாப்பாடு மூன்றையும் கிளம்பும் முன்பே பிரித்துப் பேசிவிடுங்கள். மீனை யார் எடுத்துப்போவது என்பதையும் சேர்த்து. என் ஓசூர் நண்பர் வீட்டில் யாரும் மீன் சாப்பிட மாட்டார்கள் என்பது ஏழு பெர்ச் வாளியில் கிடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பிடிப்பதில் மட்டும்தான் ஆசை. அன்றைக்கு ஏழையும் நானே என் அறையில் சுத்தம் செய்தேன். தோலை உரித்துச் சதையை வகுந்தால் விரல் நீளத்துக்கு வெள்ளைத் துண்டுகள் கிடைக்கும். மஞ்சள், மிளகாய்த்தூள், எலுமிச்சை மட்டும் போதும், மசாலா ஏற்றினால் அதன் இனிப்பு அடிபட்டுவிடும். மறுவாரம் அவர் பெரிய பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். பத்தரை மணிக்கு அவரே, "அண்ணா, வலது கால் மரத்துப்போகுது, வண்டிக்குப் போயிட்டு வரலாம்" என்றார். கம்புகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தோம்.