காட்டுநாயைத் தேடிப் போகுமுன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் தங்கை மகள் கேட்டாள்: "பெரியம்மா, நானும் உங்களை மாதிரி காட்டு விலங்கு ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போகலாமா?" தாராளமாகப் போ, கண்ணு. ஆனால் சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போகாதே. கைவளர்ப்பில் பழகிய குட்டிக்குக் காட்டு வாழ்க்கை இல்லை. வளர்ந்தபின் வேலிக்குள் வைத்துச் சுடப்படும் சிங்கங்களும் இந்த நாட்டில் உண்டு. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. நல்ல ஆய்வில் விலங்கைத் தொடவே விடமாட்டார்கள்.

நான் போனது ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைக் கண்காணிக்க, 1895-இல் அமைந்த ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி வனவிலங்குக் காப்பகத்துக்கு. விடியுமுன் கிளம்பவேண்டும். வண்டியின் பின்புறம் நின்று ஆன்டெனாவை மெல்லத் திருப்புவோம். நாயின் கழுத்தில் கட்டிய ரேடியோ பட்டையின் 'டிக் டிக்' எந்தத் திசையில் பலமாகக் கேட்கிறதோ, அங்கேதான் காட்டுநாய்க் கூட்டம். கண்டதும் இரண்டு பக்கமும் படமெடு. ஒவ்வொரு நாய்க்கும் உடம்புக் கோலம் வேறு. இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இராது. அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம்.

மங்கிய நிற உடை போதும். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேள்.

ஒருமுறை மூன்று நாள் ஒன்றும் கண்ணில் படவில்லை. அன்றைக்கும் தேதி, நேரம், இடம் எழுதி, 'காணவில்லை' என்று பதிந்தோம். அந்த வரியையும் விட்டுவிடாதே.