கிரிப்பில் போட்டுட்டாங்களா? பிணைக் கையெழுத்து போட்டு மாட்டியவன் எழுதும் செய்முறை

2019-இல் மாமா மகன் திரீவீல் (ஆட்டோ) ஒன்றை லீசிங்கில், அதாவது கம்பனிக் காசில் வாங்கித் தவணை கட்டும் முறையில், எடுத்தபோது பிணைக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். "சும்மா ஒரு கையெழுத்துதான் மச்சான்" என்றான். கொரோனாவில் ஹட்டன் திரீவீல் ஸ்டாண்டில் ஹயர் (வாடகை ஓட்டம்) செத்துப்போனது. தவணை நின்றது, வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விற்ற காசு கடனுக்குப் போதவில்லை. மிச்சக் கடன் என் தலையிலும் இருப்பது மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கடைக்கு லோன் கேட்டு வங்கியில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, உங்களக் கிரிப்ல போட்டிருக்காங்களே."

கிரிப் (CRIB) என்றால் யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார், யார் கட்டவில்லை என்று பதிந்து வைக்கும் பணியகம். அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர பதினோரு மாதம் ஆனது. செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், "கோர்ட்ல வங்குரோத்துன்னு சொல்லிட்டா கடன் போயிருமாமே" என்று கேட்பவர்களுக்கு. அது யூடியூபில் பார்க்கிற அமெரிக்கக் கதை. நம் இலங்கையில் இதற்கு இருப்பது 1853-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மாவட்ட நீதிமன்றம், சட்டத்தரணி, சொத்துப் பட்டியல் என்று இழுக்கும். மூன்று லட்சம் கடனுக்கு அந்தப் பக்கம் போனவர் ஒருவரையும் மலையகத்தில் நான் பார்த்ததில்லை. நாடே 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டு, பிறகு கடன் கொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசித்தானே மறுசீரமைத்தது? நமக்கும் அதே வழிதான்.

படி 1: அறிக்கையை எடுங்கள்

கிரிப் என்பது கொடுகடன் தகவல் பணியகம், 1990-இன் 18-ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. அது கறுப்புப் பட்டியல் இல்லை. வங்கியும் லீசிங் கம்பனியும் அனுப்புவதைப் பதிந்து வைக்கிறது, அவ்வளவுதான். லோன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. உங்கள் அறிக்கையை இணையத்திலும் எடுக்கலாம், வங்கிக் கிளை வழியாகவும் கேட்கலாம். முதல் தடவை என்றால் கிளைக்கே போங்கள் என்பேன். ஒரு மனுஷன் பக்கத்தில் இருந்து விளக்கினால்தான் அந்தக் கட்டங்கள் புரியும்.

250-இலிருந்து 900 வரை ஒரு புள்ளி இருக்கும். எல்லாரும் அதையே பார்க்கிறார்கள். நீங்கள் அதை விட்டுவிட்டு, பிணைகாரராக உங்கள் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

படி 2: சீ.ஆர். கொப்பி

எல்லாக் கடனையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் குறிப்பேடு) எழுதுங்கள். செயலி எல்லாம் வேண்டாம், கொப்பிதான் நல்லது. கிரிப்பில் வராத கடனையும் எழுதுங்கள்: கடைப் பற்று, சீட்டு, நகை அடகு, வட்டிக்காரர். அடகுச் சீட்டின் திகதியைச் சிவப்பில் எழுதுங்கள், தவறினால் நகை போய்விடும்.

வட்டியைப் பார்க்கும்போது ஏமாறாதீர்கள். 50,000 ரூபாய், ஒரு வருஷம், "24 வீதம் ஃபிளாட் ரேட்" என்பார்கள், அதாவது கடைசி வரை முழு முதலுக்கும் வட்டி. வட்டி 12,000, மாதம் 5,167 ரூபாய். ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வருகிறதே? குறைந்த முதலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதம். வாராந்தக் குழுக் கடனுக்குச் செண்டரில் (தவணை கட்டும் குழுக் கூட்டத்தில்) உட்காரும் அக்காமார் இதை ஒருதடவை போட்டுப் பார்க்க வேண்டும். கொப்பியில் எந்த வட்டி பெரிதோ அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும், எவன் அதிகம் சத்தம் போடுகிறானோ அவனுடையதை அல்ல.

படி 3: கடிதம்

போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது. வருமானம் இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்டலாம், இந்த மாதத்திலிருந்து, தவணையை மாற்றித் தாருங்கள் என்று கிளை முகாமையாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழில் எழுதலாம். கொழும்பு ரிகவரிப் (கடன் அறவிடும்) பிரிவுக்குப் போகும் என்பதால் நான் சிங்களப் பிரதியும் இணைத்தேன். பதிலே இல்லை என்றால் மத்திய வங்கியின் 1935-க்கு அழைத்து முறையிடலாம்.

படி 4: நான் வழுக்கி விழுந்த இடம்

பேசி முடித்து, கடைசித் தொகை 1,86,000 என்று சொன்னார்கள். சம்பளம், சீட்டுக் காசு எல்லாம் சேர்த்து இரண்டு வாரம் கழித்துக் கட்டினேன். ரசீதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. மூன்று மாதம் கழித்து அறிக்கை எடுத்தால் கடன் அப்படியே நிற்கிறது, நிலுவை 3,840 ரூபாய்! அந்த இரண்டு வாரத்துக்கான தாமத வட்டி. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த 3,840-க்கு மேலும் மூன்று மாதம் "கட்டாதவன்" என்று பதிவாகியிருந்தது.

ஆகவே, தொகையைக் கேட்கும்போது "இது எந்தத் திகதி வரைக்கும் செல்லும்?" என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் திகதிக்குள் கட்டுங்கள். ரசீதோடு திரும்பி வராதீர்கள், கடன் முற்றாகத் தீர்ந்தது என்ற கடிதம் வேண்டும், அதில் பிணைகாரரின் பெயரும் இருக்க வேண்டும். அடுத்தடுத்த மாதம் அறிக்கை எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அதை அனுப்பிய கம்பனிதான் திருத்தி அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் கையில் இருந்தால்தான் அங்கே வாய் திறக்க முடியும்.

அதன் பிறகு

பழைய தாமதங்கள் உடனே அழியாது. நான் நிலையான வைப்பு ஒன்றுக்கு எதிராகச் சின்னக் கடன் எடுத்து, திகதி தவறாமல் கட்டினேன். ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் லோன் கேட்காதீர்கள், யார் யார் உங்களைத் தேடினார்கள் என்பதும் அறிக்கையில் தெரியும்.

பின்சேர்க்கை: மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். அம்மாவின் கடன் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் இருக்கிறது, இப்போது கையில் இருப்பது புதிய அட்டை. இரண்டு இலக்கத்தையும் கொடுங்கள். மாற்றுவது சுலபம்: 851234567V என்றால் முன்னால் 19, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம், கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள்: 198512304567. பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அட்டையில் லக்ஷ்மி என்று இருப்பவர்கள் இரண்டையும் எடுத்துப் போங்கள். தோட்டத்தில் பெயர் எழுதியவர் கைக்கு வந்தபடி எழுதியதற்கு நாம் இன்னும் அலைகிறோம்.

இன்னொன்று. மாமா மகன் மறுபடியும் லீசிங் எடுக்கப் போகிறானாம், பிணைக்கு ஆள் தேடுகிறான். இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை.