ஜாதகக் கட்டத்தை நிஜ வானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கட்டத்தில் "சனி மீனத்தில்" என்று எழுதியிருந்தால், அது வானத்தில் சரிபார்க்கக்கூடிய ஒரு கணக்கு. பலன் என்ன என்ற பேச்சு இங்கே இல்லை. இருக்கும் இடம் சரியா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு கணினியும் கால் மணி நேரமும் போதும். ஜோதிடம் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் கற்க வேண்டியதே இதுதான்.

1. வானத்தைத் திறப்பது

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எஃப்6 அழுத்தி ஊரையும், எஃப்5 அழுத்தி தேதி, நேரத்தையும் கொடுங்கள். பயிற்சிக்கு 2025 மார்ச் 29, இரவு 10 மணி என்று வையுங்கள். திருக்கணிதப்படி, அதாவது இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் பஞ்சாங்கப்படி, சனி மீனத்துக்குப் பெயர்ந்த இரவு அது. எஃப்3 அழுத்தி ஆங்கிலப் பெயரில் சனியைத் தேடுங்கள். அப்போது அது அடிவானத்துக்குக் கீழே இருக்கும் என்பதால் 'ஜி' விசையால் தரையை மறைத்துவிடுங்கள்.

நேர மண்டலத்தில் கவனம் வேண்டும். இந்தியாவுக்கு +5:30. இலங்கையில் 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை கடிகாரம் முன்தள்ளி ஓடியது (முதலில் +6:30, சில மாதங்களில் +6:00). அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு இதை விட்டுவிட்டால் லக்னம் ஏழெட்டுப் பாகைகூட நகர்ந்துவிடும்.

2. சரியான வரியைப் படிப்பது

சனியைச் சொடுக்கினால் இடப்பக்கம் விவரங்கள் வரும். 'எக்லிப்டிக்' என்ற சொல்லோடு இரண்டு வரிகள் இருக்கும். ஒன்றில் 'ஜே2000.0' (2000-ஆம் ஆண்டின் நிலைக்கு), மற்றதில் 'ஆன் டேட்' (நீங்கள் வைத்த தேதிக்கு). நமக்கு வேண்டியது இரண்டாவது. அதில் முதல் எண் ஏறத்தாழ 354° 12' காட்டும். இதுதான் சாயன ஸ்புடம், அதாவது வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து அளந்த இருப்பிடம்.

ஜாதகக் கட்டத்துக்கு இதிலிருந்து அயனாம்சத்தை, அதாவது அந்தப் புள்ளிக்கும் ஜோதிடத்தின் மேஷத் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளியைக் கழிக்க வேண்டும். தவறிப்போய் ஜே2000 வரியை எடுத்துக்கொண்டு இன்றைய அயனாம்சத்தைக் கழித்தால், 2025-இல் 21 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) பிழை வரும். புதிதாகச் செய்பவர்களின் கணக்கு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உதைக்கும்.

3. அயனாம்சம் கழிப்பது

அயனாம்சத்தைக் கணிக்கப் பல முறைகள் உண்டு; அவற்றில் ஒன்றான லாஹிரி அயனாம்சம் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 23° 51'. அதன்பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 50.3 விகலை (ஒரு கலைக்கு 60 விகலை) கூட்டுங்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குக் கழியுங்கள். 2025 மார்ச்சுக்கு 24° 12' வரும். 1985-க்கு சுமார் 23° 39'.

354° 12' − 24° 12' = 330° 00'. மீனத்தின் வாசற்படி!

ராமன் அயனாம்சம் இதைவிட ஏறக்குறைய ஒன்றரைப் பாகை குறைவு, கே.பி. (கிருஷ்ணமூர்த்தி பத்ததி) முறை சுமார் 6 கலை குறைவு. ராசி எல்லையை ஒட்டி நிற்கும் கிரகம் ஒரு ஜோதிடரிடம் ஒரு ராசியிலும், இன்னொருவரிடம் அடுத்த ராசியிலும் இருப்பதற்கு இது போதும். எந்த அயனாம்சம் என்று கேட்காமல் இரண்டு கட்டங்களை ஒப்பிடாதீர்கள்.

4. ராசி, நட்சத்திரம், பாதம்

அயனாம்சம் கழித்த ஸ்புடத்தை 30-ஆல் வகுத்து, ஈவோடு ஒன்று கூட்டினால் ராசி. 330 ÷ 30 = 11, ஆகவே பன்னிரண்டாவதான மீனம். நட்சத்திரத்துக்குக் கலையாக மாற்றுங்கள்: 330 × 60 = 19,800. ஒரு நட்சத்திரம் 800 கலை. ஈவு 24, மீதி 600. ஆகவே இருபத்தைந்தாவதான பூரட்டாதி. மீதியை 200-ஆல் வகுத்தால் 3, அதாவது மூன்று பாதம் முடிந்து நான்காம் பாதம் தொடங்குகிறது.

ராகு, கேதுவைத் தேடாதீர்கள். சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டும் புள்ளிகள் அவை; பார்க்க உருவம் கிடையாது.

5. சந்திரன் மட்டும் ஏன் ஒத்துவரவில்லை?

பஞ்சாங்கம் பூமியின் மையத்திலிருந்து கணிக்கிறது. ஸ்டெல்லேரியம் உங்கள் மொட்டைமாடியிலிருந்து காட்டுகிறது. சந்திரன் அருகில் இருப்பதால் இந்த வித்தியாசம் ஒரு பாகை வரை போகும். சந்திரன் ஒரு பாகை நகர இரண்டு மணி நேரம் ஆகுமென்பதால், நட்சத்திரம் முடியும் நேரமே மாறித் தெரியும். எஃப்2 அமைப்புகளில் 'டோப்போசென்ட்ரிக்' என்ற குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

6. கண்ணால் பார்ப்பது

சித்திரை, வைகாசி இரவுகளில் ஒன்பது மணிவாக்கில் சப்தரிஷி மண்டலத்தின் வாலை அதே வளைவில் நீட்டுங்கள். முதலில் செம்மஞ்சளாக சுவாதி, அடுத்து நீலவெண்மையாக சித்திரை. லாஹிரி கணக்கின் நங்கூரமே இந்தச் சித்திரை விண்மீன்தான்; 180 பாகையில், கன்னி முடிந்து துலாம் தொடங்கும் இடத்தில் நிற்கிறது.

சுவாதி மீனின் ஸ்புடம் துலாம் 0° 23' மட்டுமே. சுவாதி நட்சத்திரப் பிரிவோ 6° 40'-இல்தான் தொடங்குகிறது. கேட்டை மீனும் விருச்சிகம் 15° 55'-இல், அனுஷத்தின் எல்லைக்குள் நிற்கிறது. சந்திரன் செக்கச்சிவந்த கேட்டையை ஒட்டி நிற்கையில் பஞ்சாங்கம் "அனுஷம்" என்றால் அது பிழையல்ல. மீன்கள் சீரற்றுச் சிதறிக் கிடக்க, பிரிவுகள் மட்டும் 13° 20' வீதம் சமமாக வெட்டப்பட்டவை. ராசிகளும் அப்படித்தான். 'பி' விசை காட்டும் விண்மீன் குழு எல்லைகளை ராசி எல்லையாக எடுத்துக்கொண்டால், விருச்சிகத்தில் சூரியன் ஒரு வாரம்தான் தங்கும்.

7. வாக்கியப் பஞ்சாங்கம் வைத்திருப்பவர்களுக்கு

வாக்கியப்படி அதே சனிப்பெயர்ச்சி 2026 மார்ச் 6. ஸ்டெல்லேரியத்தில் அந்தத் தேதியை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். சனி மீனத்தில் 8 பாகையைத் தாண்டியிருக்கும். பழைய வாய்பாடுகளைத் திருத்தம் இல்லாமல் பின்பற்றுவதால் வந்த இடைவெளி இது. உங்கள் ஜாதகம் வாக்கியத்தில் கணித்ததென்றால், சனியில் இந்த அளவு வித்தியாசம் வந்தாலும் உங்கள் கழித்தல் தப்பென்று நினைத்து மறுபடி தொடங்க வேண்டாம்.