புது வீட்டுக்குச் சொத்து வரி எவ்வளவு வரும்? சென்னைக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

புது வீடு கட்டினாலும் சரி, பழைய வீட்டுக்கு மேல் மாடி எடுத்தாலும் சரி, மாநகராட்சியிலிருந்து அளக்க ஆள் வருவதற்கு முன்னாலேயே வரியை நாமே கணக்குப் போட்டுவிடலாம். எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் செய்தேன். பத்திரம், பட்டா, அனுமதி வரைபடம் எல்லாம் கையில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு நேராகக் கணக்குக்கு வருகிறேன். இது சென்னை மாநகராட்சிக்கான முறை. மற்ற ஊர்களில் கணக்கு வேறு.

1. பரப்பு

வரி பிளிந்த் ஏரியாவுக்கு, அதாவது சுவரின் கனமும் சேர்ந்த பரப்புக்கு. கார்ப்பெட் ஏரியாவை, அதாவது சுவர் சேராத உள்பரப்பை வைத்துப் போட்டால் குறைவாகத்தான் வரும். ஃபிளாட் என்றால் பில்டர் சொல்லும் பரப்பில் படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களில் உங்கள் பங்கும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை நிறுத்திவைத்தது இந்த இடம்தான். கொத்தனார் எழுதிக்கொடுத்த தாளும் வரைபடமும் ஒத்தே போகவில்லை. காரணம், நம் ஊரில் 32 அடி 10 அங்குலத்தை எல்லாரும் 32.10 என்றுதான் எழுதுவார்கள், அதைக் கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் அது அங்குலம் என்று அதற்குத் தெரியுமா என்ன? அங்குலத்தை 12-ஆல் வகுத்து அடியோடு கூட்ட வேண்டும். 32 அடி 10 அங்குலம் என்றால் 32.83, 27 அடி 11 அங்குலம் என்றால் 27.92. பெருக்கினால் சுமார் 917 சதுர அடி. தாளில் இருந்தபடி 32.10-ஐ 27.11-ஆல் பெருக்கினால் 870தான். ஒரு தளத்துக்கே 46 சதுர அடிக்கு மேல் காணாமல் போகிறது, இரண்டு தளம் என்றால் ஒரு சின்ன அறையே போச்சு. வரைபடம் மீட்டரில் இருந்தால் சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்குங்கள்.

அளக்க லேசர் கருவியை எல்லாரும் சிபாரிசு செய்கிறார்கள். அறைக்குள் அது அருமை, வெளிச்சுவரில் வெயிலடித்தால் புள்ளியே தெரியாது. 30 மீட்டர் ஃபைபர் டேப், பிடித்துக்கொள்ள ஒரு ஆள், கட்டம் போட்ட நோட்டு, இவை போதும். மொபைல் செயலிகளை நான் நம்புவதில்லை.

2. தெரு விலை

ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாநகராட்சி அடிப்படைக் கட்டணம் வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு ரசீதைப் பார்த்துப் போடாதீர்கள். 2022 ஏப்ரல் உயர்வில், மாநகராட்சி விரிவாவதற்கு முன்பிருந்த பழைய சென்னை எல்லைக்குள் 600 சதுர அடி வரை 50%, 1,200 வரை 75%, 1,800 வரை 100%, அதற்கு மேல் 150% என்று வீட்டின் அளவுக்கேற்ப ஏற்றினார்கள். ஒரே தெருவில் சின்ன வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் சதுர அடிக் கணக்கு ஒன்றாக இருக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பட்டியலும் வேண்டாம்.

3. பெருக்கல்

பரப்பைக் கட்டணத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதை 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. 12 மாதம்தானே, ஏன் 10.92? மதிப்பில் 10% நிலத்துக்கு என்று தனியே எடுத்துவைத்து, மீதி 90%-இல் மட்டும் பராமரிப்புக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கிறார்கள். கடைசியில் நிற்பது 91%, 12-இல் 91% என்றால் 10.92.

1,000 சதுர அடி, சதுர அடிக்கு ரூ.2 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 2,000, ஆண்டு மதிப்பு 21,840. ஆண்டு மதிப்பு 5,000-ஐத் தாண்டினால் கல்வி வரி, நூலக வரி எல்லாம் சேர்த்து அரையாண்டுக்கு 12.4%, அதாவது ரூ.2,708. சொந்தக் குடியிருப்புக்குச் சலுகை உண்டு, அதை நான் இதில் கழிக்கவில்லை.

இதோடு முடியவில்லை. குடிநீர் வாரியமும் இதே ஆண்டு மதிப்பில்தான் வருடத்துக்கு 7% வரி போடுகிறது, மேலே சொன்ன வீட்டுக்கு ரூ.1,529. பரப்பு தப்பாக ஏறினால் இரண்டு பக்கமும் இடிக்கும், அதனால்தான் முதல் படியில் அவ்வளவு நேரம் பேசினேன்.

பின்சேர்க்கை: டைல்ஸ் மாற்றினேன், வரி ஏறுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கணக்கில் டைல்ஸுக்கு இடமே இல்லையே! பரப்பு கூடினாலோ, முன்னறையைக் கடையாக்கினாலோதான் மாறும். மொட்டை மாடியில் ஷீட் போட்டு அறையாக்கியவர்கள் அதையும் சேர்த்தே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: கட்டுவதற்கு முன் காலிமனை வரி கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றால், வீட்டுக்கு வரி போட்டதும் அந்தப் பழைய வரி எண்ணை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வரி எண் கைக்கு வந்த பிறகு ஏப்ரலிலும் அக்டோபரிலும் 30-ஆம் தேதிக்குள் கட்டினால் 5% குறையும், அதிகபட்சம் ரூ.5,000.