பணக்காரருக்கு உணவுக் கூடை: விலையில் போட்டி போடாமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

எல்லாம் இருக்கிறவருக்கு எதைக் கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் உணவுக் கூடை. நல்ல முடிவுதான். சாப்பிட்டால் தீர்ந்துவிடும், அலமாரியை அடைக்காது, அளவு சரியா என்ற கவலை கிடையாது.

நான் முதன்முதலாக ஒரு தொழிலதிபர் வீட்டுக்கு அனுப்பிய கூடையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சில மாதம் கழித்து அங்கே போனபோது, சமையலறையை ஒட்டிய அறையில் செல்லோஃபேன்கூடப் பிரிக்காமல் அது உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னும் மூன்று. ரிப்பன் நிறம்தான் வேறு. நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு: டின் பிஸ்கட், ஜாம், உப்புப் போட்ட கொட்டைகள், சின்னக் குப்பியில் ட்ரஃபிள் எண்ணெய் (ட்ரஃபிள் என்ற விலை உயர்ந்த காளானின் மணம் ஏற்றியது). அவர் பிடிக்காமல் ஒதுக்கியிருக்க மாட்டார். கண்ணிலேயே பட்டிருக்காது.

அதற்குப் பிறகு நான் பின்பற்றும் வழி இது.

படி 1: முதலில் ஒரு போன்

கடைக்குப் போகும் முன் அவருடைய உதவியாளரையோ வீட்டில் ஒருவரையோ கேட்டுவிடுங்கள். சைவமா? கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாதவர் யாராவது உண்டா? மது கலந்தது ஆகுமா? வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருக்கிறதா? (அந்த வயதுக் குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. கூடையில் தேன் இருந்தால் சீட்டில் அதை எழுதிவிடுவது நல்லது.)

சைவம் என்றால் இறைச்சியை மட்டும் தவிர்த்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். அந்தப் பெயரில் விற்கும் சீஸுக்கு விதியே அப்படித்தான். பல மென்மிட்டாய்களில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். சில சாக்லேட்டுகளுக்குள் மது இருக்கும்.

அவர் பெரிய நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. எவ்வளவு மதிப்புள்ள பரிசு வரை வாங்கலாம் என்று பல நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் அவர் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இருவருக்கும் சங்கடம்.

படி 2: எதில் முதல் தரம் உங்கள் கைக்கு எட்டும் என்று பாருங்கள்

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் உயிர்நாடியே இந்தப் படிதான்.

கேவியரை (உப்பிட்ட மீன் முட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். உங்களால் வாங்க முடிவது நடுத்தரமாகத்தான் இருக்கும், அதைவிட நல்லதை அவர் எத்தனையோ முறை சாப்பிட்டிருப்பார். உப்பு அப்படி இல்லை. பிரான்ஸின் கெராந்த் உப்பளங்களில் நீர்ப்பரப்பின் மேல் ஆடைபோலப் படியும் மெல்லிய படிகங்களைக் கையாலேயே வழித்தெடுக்கிறார்கள். ‘ஃப்ளர் த செல்’ என்று பெயர். உப்பு ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் சரக்கு, ஆனாலும் சாதாரண சம்பளக்காரர் ஒரு டப்பா வாங்கிவிடலாம். தேன், ஆலிவ் எண்ணெய், டார்க் சாக்லேட், மிளகு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

ஆக, விலை உயர்ந்த வகையில் சுமாரானதை வாங்காமல், எளிய வகையில் முதல் தரத்தை வாங்குங்கள். நான்கு பொருள் போதும். ஐந்தாவதைச் சேர்த்தால் ஏன் சேர்த்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். நான்கும் ஒரே தட்டில் சேருமா என்றும் யோசியுங்கள். ஆலிவ் எண்ணெய், உப்பு, பால்சாமிக் வினிகர், சீஸ் என்றால் ரொட்டி ஒன்று இருந்தால் அன்றைக்கே பிரித்துச் சாப்பிடலாம். உடனே சாப்பிடத் தோன்றுகிற கூடை அலமாரிக்குப் போகாது.

படி 3: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் முழுக்க விளம்பரம். விவரம் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

*ஆலிவ் எண்ணெய்.* ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ என்று இருக்க வேண்டும். அதற்கு அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். அது போதாது, அறுவடைத் தேதி போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். காலாவதித் தேதியை மட்டும் போட்டுவிட்டு அறுவடைத் தேதியைச் சொல்லாத பாட்டிலை நான் வைத்துவிடுவேன். இந்த எண்ணெய் வைக்க வைக்க மெருகேறாது, இறங்கத்தான் செய்யும். வெளிச்சமும் சூடும் ஆகாது என்பதால் கறுத்த கண்ணாடியோ டின்னோ நல்லது.

முடிந்தால் இரண்டு பாட்டில் வாங்கி ஒன்றை நீங்களே ருசி பாருங்கள். சின்னக் கோப்பையில் ஒரு ஸ்பூன் ஊற்றி, உள்ளங்கையால் மூடி, மற்ற கையில் வைத்து ஒரு நிமிடம் சூடேற்றுங்கள். கையை எடுத்து முகர்ந்தால் அப்போதுதான் வெட்டிய புல், பச்சைத் தக்காளி இப்படி ஏதாவது மணக்கும். ஒரு வாய் உறிஞ்சி, பற்களுக்கு நடுவே காற்றை இழுங்கள். நாக்கில் லேசான கசப்பு வரும். விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகு கடித்தது போல ஒரு காரல். இருமல் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஓலியோகேந்தால் என்ற பொருள் செய்கிற வேலை அது, புது எண்ணெயின் அடையாளம். பழைய மெழுகு கலர் பென்சில் போல, சிக்கு வாடை அடித்தால் அந்தப் பாட்டில் பரிசுக்கு ஆகாது.

*பால்சாமிக் வினிகர்.* புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். இத்தாலியின் மோடெனாவிலிருந்து பெயரில் ஒத்த இரண்டு சரக்கு வருகிறது. இரண்டிலும் ஊர்ப் பெயரைக் காக்கும் ஐரோப்பிய முத்திரை இருக்கும். ஐஜிபி முத்திரை உள்ளது, காய்ச்சிய திராட்சைச் சாற்றோடு ஒயின் வினிகர் சேர்த்தது, 60 நாள் வைத்தாலே விற்கலாம். சாலட்டுக்கு நன்றாகவே இருக்கும். அதைவிடக் கண்டிப்பான டிஓபி முத்திரையும் ‘திரதிசியோனாலே’ (பாரம்பரியமானது) என்ற சொல்லும் உள்ளது காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டும். மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டு, ‘எக்ஸ்ட்ராவெக்கியோ’ (மிகப் பழையது) என்றால் குறைந்தது 25 ஆண்டு. யார் தயாரித்தாலும் ஒரே வடிவ 100 மில்லி பாட்டிலில்தான் வரும். அந்தப் பாட்டிலை வடிவமைத்தவர் கார்களை வடிவமைத்துப் புகழ்பெற்ற ஜியார்ஜெத்தோ ஜுஜாரோ. கூடையில் ஒரே ஒரு பொருளுக்குக் கையைத் தாராளமாக விடுவது என்றால் நான் இதற்குத்தான் விடுவேன். தேன் போல ஒழுகும், சீஸ் மேல் நாலு சொட்டு போதும்.

*குங்குமப்பூ.* ஒரு பூவில் மூன்றே இழை, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூ வேண்டும். அதனால்தான் இதில் கலப்படமும் அதிகம். பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். நாலு இழையை வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பாருங்கள். நிறம் மெதுவாக இறங்கி நீர் பொன்மஞ்சளாக வேண்டும், இழை சிவப்பாகவே இருக்க வேண்டும். போட்டவுடன் நீர் சிவந்து இழை வெளுத்துப்போனால் அது சாயம்.

*சாக்லேட்.* பொருள் பட்டியல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு எண்ணெய் இருந்தால் வேண்டாம்.

படி 4: ட்ரஃபிள் எண்ணெயை விட்டுவிடுங்கள்

கடையில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயில் பெரும்பாலானவற்றுக்கு மணம் தருவது 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கைப் பொருள். அது ட்ரஃபிள் காளானிலிருந்து எடுத்ததாக இருக்காது. நிஜ ட்ரஃபிளைச் சாப்பிட்டுப் பழகியவருக்கு மூடியைத் திறந்தவுடனே தெரிந்துவிடும், அதோடு கூடையில் மற்றதன் மீதும் சந்தேகம் வந்துவிடும். ‘பிரீமியம்’, ‘கூர்மே’ போன்ற சொற்களையும் கண்டுகொள்ளாதீர்கள். யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

படி 5: அடுக்குவது

பிரம்புக் கூடைதான் வேண்டும் என்று ஒன்றுமில்லை. அளவான மரப்பெட்டி போதும். அடியில் பாதி உயரத்துக்கு வைக்கோலைத் திணித்துப் பெரிதாகக் காட்டும் வேலை வேண்டாம், கையை விட்டால் தெரிந்துவிடும். கண்ணாடிப் பொருள் கீழே, இலேசானது மேலே. சாக்லேட் பக்கத்து மணத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் மிளகுக்கும் சீஸுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். விலைச் சீட்டைப் பிய்த்தபின் ஒட்டும் பிசினில் கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும்.

படி 6: சீட்டு எழுதுங்கள்

வசதியான வீடுகளில் கூடையைப் பிரிப்பது பெரும்பாலும் அங்கே வேலை செய்பவர்தான். அந்த 100 மில்லி பாட்டிலை அவர் சாதாரண வினிகர் என்று நினைத்து ஊறுகாய்க்கு ஊற்றிவிட்டால் யாரைக் குறை சொல்வது? வாழ்த்து அட்டை தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிறு சீட்டைக் கட்டிவிடுங்கள்: “அடுப்பில் வைக்க வேண்டாம், பரிமாறும்போது சில சொட்டு”, “திறந்தபின் இரண்டு மாதத்தில் தீர்த்துவிடவும்”, “சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவும்”. எங்கே, யார் செய்தது என்று ஒரு வரி சேர்த்தால் சாப்பாட்டு மேஜையில் பேச விஷயம் கிடைக்கும்.

படி 7: அனுப்புவது

நேரில் கொடுப்பதே மேல். கூரியர் என்றால் வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி, ஞாயிறு ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும். கொக்கோ வெண்ணெய் உருகுவது 34 டிகிரி செல்சியஸ் வாக்கில். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதைத் தாண்டிவிடும், பிறகு இறுகும்போது சாக்லேட் மேல் வெள்ளை பூத்துவிடும். கெட்டுப்போனது இல்லைதான், ஆனால் பார்ப்பவருக்குப் பூஞ்சை போலத் தெரியும். வெளிநாடு என்றால் சீஸையும் இறைச்சியையும் விட்டுவிடுங்கள், பல நாடுகளின் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பெட்டி போய்ச் சேரும் அன்று அந்த உதவியாளருக்கு இன்னொரு போன் போட்டு, உள்ளே குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.