மொட்டைமாடித் தோட்டம்: குரோ பேக் வாங்கும் முன் போனில் போட வேண்டிய கணக்கு

பெங்களூரில் மாடித் தோட்டம் போட நினைத்ததும் பலரும் முதலில் வாங்குவது குரோ பேக் என்ற செடி வளர்க்கும் பை. அதைக் கடைசியில் வாங்கினால் போதும். மாடியில் எங்கே எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்குத் தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் மூன்று நான்கு மணி போதும்.

படி 1: திசை, நிழல்

போனில் காம்பஸைத் திறந்து வடக்கைக் குறியுங்கள். கிரில், டேங்க் ஸ்டாண்டு பக்கத்தில் நின்றால் இரும்பு திசையைத் தவறாகக் காட்டவைக்கும். போனை எட்டு வடிவில் சுழற்றிவிட்டு இரண்டு மூன்று இடங்களில் நின்று சரிபாருங்கள்.

அடுத்து, சூரியன் நிற்கும் இடத்தைத் தேதிவாரியாகக் காட்டும் சன்கால்க் (SunCalc) தளத்தில் உங்கள் வீட்டின் மேல் குறியை வைத்து, தேதியை டிசம்பர் 21, ஜூன் 21 என்று மாற்றிப் பாருங்கள். பெங்களூரு 13 டிகிரி வடக்கில் இருப்பதால் டிசம்பர் உச்சிவேளையில் (இங்கே அது சுமார் 12:20) சூரியன் தெற்கே சாய்ந்து 54 டிகிரி உயரத்தில் நிற்கும். ஸ்டாண்டோடு 8 அடி உயரமுள்ள டேங்கின் நிழல் அப்போது வடக்கே 6 அடி நீளும். ஜூனில் சூரியன் வடக்கே போய்விடுவதால் அதே நிழல் தெற்கே ஒன்றரை அடிதான். டேங்குக்கு வடக்கே ஜூனில் பளிச்சென்றிருக்கும் இடத்தை நம்பித் தக்காளி வைத்தால் குளிர்காலத்தில் இலைதான் மிஞ்சும். அந்த ஆறடியைக் கீரைக்கு விடுங்கள். வடக்கு பார்த்த அபார்ட்மெண்ட் பால்கனி என்றால் காய்ச் செடி ஆசையே வேண்டாம்.

படி 2: வரைபடம்

கூகுள் ஷீட்ஸில் வரிசை உயரம், பத்தி அகலம் இரண்டையும் 25 பிக்சல் என்று வைத்தால் சதுரக் கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டம் ஓர் அடி. ஆறு மணி நேர வெயில் இடத்துக்கு மஞ்சள், மூன்று நான்கு மணி நேர வெயிலுக்குப் பச்சை, அதற்கும் குறைந்தால் சாம்பல் நிறம். நடக்க இரண்டடி விடுங்கள், இல்லையென்றால் பின்வரிசைப் பூச்சியைக் கவனிக்கவே மாட்டீர்கள்.

12 அங்குலப் பைக்கு ஒரு கட்டம். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 18 லிட்டர் கலவை பிடிக்கும். 20 பைக்கு 360 லிட்டர். கலவையில் தேங்காய் நார்த்தூள் நான்கு பங்கு, செம்மண் மூன்று, மண்புழு உரம் மூன்று. 5 கிலோ நார்த்தூள் கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும், ஆகவே மூன்று கட்டி வாங்கலாம். உப்பு போக இரண்டு முறை அலசாமல் போட்டால் இலை நுனி கருகும். நனைந்த பை ஒன்று 15 கிலோவைத் தாண்டும் என்பதால் கனமானவற்றைச் சுவரோரம் அடுக்குங்கள்.

படி 3: தேதிகள்

பயிர், விதைத்த தேதி, அறுவடைக்கு ஆகும் நாள் என்று மூன்று பத்திகள். நான்காவதில் தேதியோடு நாளைக் கூட்டும் சூத்திரம். தண்டுக்கீரைக்கு 30 நாள், முள்ளங்கிக்கு 45, வெண்டைக்கு 50. தக்காளிக்கு நாற்றுக்கு 25, நட்ட பின் 65 எனத் தனித்தனியாகப் போடுங்கள்.

வெளிநாட்டுத் தோட்டச் செயலிகள் உறைபனி முடியும் தேதியைக் கேட்டு அதிலிருந்து கணக்குப் போடும். உறைபனியே இல்லாத பெங்களூருக்கு அந்த அட்டவணை உதவாது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது அதைவிட நம்பகமானது, குறிப்பாக அவரைக்கு. நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஜனவரியில் விதைத்தால் கோடை முழுக்கக் கொடி மட்டும் படரும். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ஜய், அர்க்கா விஜய் ரகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

படி 4: நினைவூட்டல்

கூகுள் காலண்டரில் கீரை விதைப்பை 15 நாளுக்கு ஒருமுறை என்று வையுங்கள். தண்ணீருக்கு மட்டும் ‘ஊற்று’ என்று எழுதாமல், ‘விரல் விட்டுப் பார்’ என்று எழுதுங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். செப்டம்பர், அக்டோபர் மழையில் அலாரம் அடித்ததற்காக ஊற்றினால் வேர் அழுகும். ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் காரணம் பெரும்பாலும் அதுதான்.